பாட்டத்துக்கு எடுத்த மைதானம்

1

விளையாட்டைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் எழுதும் வழக்கம் கிடையாது. கிரிக்கெட் என்றால் தினசரிகள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். திரையில் ஆடப்படும் விளையாட்டு என்றால் முகத்தையும் சேர்த்துத் திருப்பிக்கொள்கிறோம். இலக்கியப் பரிச்சயம் கொண்டவர்கள் இது குறித்து வைத்திருப்பவை இரண்டே வாக்கியங்கள். பிள்ளைகள் கெட்டுக் குட்டிச்சுவராகிறார்கள் என்பது ஒன்று. வியாபார உலகம் விற்கும் இன்னொரு லாகிரி இது என்பது மற்றது. தினசரிகளிடமும் இரண்டு உண்டு. விளையாடியே கோடீஸ்வரனான இளைஞன். விளையாட்டில் பணத்தை இழந்து உயிரை விட்ட இளைஞன். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. நான்கிலும் ஒழுக்கம் இருக்கிறது, பணம் இருக்கிறது, ஆட்டம் இல்லை. ஆடுகிறவன் என்ன செய்கிறான், எதைக் கற்கிறான், கற்றது எத்தனை நாள் அவனிடம் தங்கும் என்ற கேள்விகள் எழவே இல்லை.

ஒரு கவிதையைப் படிக்காமலே கவிஞனின் நடத்தையையும் வருமானத்தையும் பேசுகிறவனை நாம் விமர்சகன் என்று ஒப்புக்கொள்வதில்லை. அதே நியாயத்தை இந்த ஆட்டக்காரனுக்கும் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். காசு கட்டி ஆடும் ரம்மி வேறு. நான் பேசப்போவது வேறு. தமிழ்நாடு அரசு 2022இல் கொண்டுவந்து, 2023 ஏப்ரலில் கவர்னரின் ஒப்புதல் பெற்ற சட்டம் முன்னதைப் பற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இரண்டையும் தெளிவாகவே பிரித்திருக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆட்டத்தை நடத்துவது குற்றம். ஈஸ்போர்ட்ஸ் என்று சொல்லப்படும் போட்டி ஆட்டம் விளையாட்டு. 2022 டிசம்பரிலேயே அது மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் சேர்க்கப்பட்டாயிற்று. ஆகவே தொழில்முறை ஆட்டக்காரன் என்றொருவன் சட்டத்தின் கண்களில் இருக்கிறான். எங்கள் வங்கியில் கணக்குத் தொடங்கும் படிவத்தில் தொழில் என்றொரு கட்டம் உண்டு. அங்கே அவன் எதை எழுதுவான் என்று யோசித்துப் பார்த்தேன். 'இதர' என்றுதான் எழுத வேண்டியிருக்கும். கவிஞனும் அங்கே அதைத்தான் எழுதுகிறான்.

எனக்கு இதில் ஒரு சொந்த நிர்ப்பந்தமும் இருக்கிறது. அக்காள் மகனுக்குப் பத்தொன்பது வயது. டிப்ளமா முடிக்கப்போகிறான். முடித்த பிறகு ஒரு வருஷம் வேலை தேடமாட்டேன், ஆடப்போகிறேன் என்கிறான். அத்தான் கத்தாரில் இருக்கிறார்; போனில் அவரால் சத்தம் மட்டுமே போட முடிகிறது. அதனால் அக்காள் என்னிடம் வந்தாள். "நீ சொன்னாத்தான் அவன் கேப்பான்" என்றாள். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி 1926இல் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. கவிமணி மான்மியம் பாடிக் கேலி செய்த அந்த ஏற்பாட்டில் மாமனுடைய சொத்து மருமகனுக்குப் போகும். இப்போது சொத்து போவதில்லை. புத்தி சொல்லும் கடமை மட்டும் எப்படியோ மாமனிடம் தங்கிவிட்டது. அதைச் செய்வதற்கு முன் விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சில மாதங்கள் இதையே பார்த்தும் படித்தும் வந்தேன். இக்கட்டுரை அதன் விளைவு.

2

இந்தத் தொழிலில் ஒரு முழு வாழ்க்கை எப்படி இருக்கும் என்று பார்க்க, தென்கொரியாவின் லீ சாங்-ஹியோக்கைப் பார்க்க வேண்டும். ஆட்டக்களத்தில் அவர் பெயர் ஃபேக்கர். 1996இல் சியோலில் பிறந்தவர். அவர் ஆடுவது லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற ஆட்டம். அமெரிக்காவின் ரயட் கேம்ஸ் கம்பெனி 2009இல் வெளியிட்டது. ஐந்து பேருக்கு எதிரே ஐந்து பேர். இரு கோட்டைகளுக்கு நடுவே மூன்று பாதைகள், பாதைகளுக்கு இடையே காடு. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பாத்திரங்களிலிருந்து ஆளுக்கொன்றைத் தேர்ந்துகொண்டு இறங்குகிறார்கள். எதிரியின் கோட்டை மையத்தை இடிப்பவர்களுக்கு வெற்றி. அரை மணியோ முக்கால் மணியோ ஆகும். பாத்திரங்களின் சேர்க்கை மாறும்போதெல்லாம் போரின் இலக்கணமும் மாறும்.

லீ உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டு 2013இல் எஸ்.கே. டெலிகாம் என்ற தொலைத்தொடர்பு கம்பெனியின் அணியில் சேர்ந்தார். அந்த ஏப்ரலில் முதல் ஆட்டம். எதிரே அதே இடத்தில் ஆடியவர் காங் சான்-யோங், 'ஆம்பிஷன்' என்று பெயர்பெற்ற அன்றைய நட்சத்திரம். ஆட்டம் தொடங்கிச் சில நிமிஷங்களுக்குள் பதினாறு வயதுப் பையன் அவரைத் தனியாக நின்று வீழ்த்தினான். அந்த ஆண்டே உலகக் கோப்பை. பிறகு 2015, 2016. மூன்று கோப்பைகளை வாங்கியபோது அவருக்கு இருபது வயது.

2017 நவம்பரில் பெய்ஜிங்கில், 2008 ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டிய பறவைக்கூடு அரங்கில், இறுதி ஆட்டம். சாம்சங் அணியிடம் மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். எதிர் அணியில் இருந்தவர்களில் ஒருவர் அதே காங் சான்-யோங். நான்கு வருஷத்துக்கு முன் வீழ்த்தப்பட்டவர் இடம் மாறி, ஆடும் பொறுப்பை மாற்றி, காட்டுக்குள் திரியும் வேலையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். லீ மேஜையில் முகத்தைப் புதைத்து அழுதார். அடுத்த வருஷம் அவருடைய அணி உலகப் போட்டிக்குத் தகுதி பெறவே இல்லை. 2022இல் மறுபடியும் இறுதி வரை வந்து தோற்றார்கள். 2023இல் கை வலியால் ஒரு மாதம் போல விலகி இருக்க வேண்டியிருந்தது. அதே வருஷம் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கொரிய அணிக்குத் தங்கம். அந்தத் தங்கம் கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்கும் கொடுத்தது. நவம்பரில் சியோலில் உலகக் கோப்பை. 2024இல் லண்டன், 2025இல் செங்டு. ஆறு கோப்பைகள். அணியோடு ஒப்பந்தம் 2029 வரை.

இதை வெற்றிக்கதையாகப் படிப்பது சுலபம். எனக்கு முக்கியமாகப் படுவது 2016க்கும் 2023க்கும் நடுவிலுள்ள ஏழு வருஷம். இந்தத் தொழிலில் ஏழு வருஷம் என்பது ஒரு தலைமுறை. ஜியான் ஸிஹாவோ, 'ஊஸி' என்று சீனாவே கொண்டாடியவர், 2020 ஜூனில் ஓய்வை அறிவித்தபோது அவருக்கு வயது இருபத்துமூன்று. சொன்ன காரணங்கள் சர்க்கரை வியாதியும் கை உபாதையும். நம் ஊரில் இருபத்துமூன்று வயதில்தான் பலர் வங்கி எழுத்தர் தேர்வுக்கே உட்காருகிறார்கள். ஒரு நாளைக்குப் பத்து மணிநேரத்துக்கு மேல் பயிற்சி. மணிக்கட்டும் தோளும் கழுத்தும் தேய்மானம். பின்னாலேயே பதினேழு வயதுப் பையன்கள். இருபத்தைந்தில் பெரும்பாலானவர்கள் பயிற்சியாளர்களாகவோ வர்ணனையாளர்களாகவோ ஒதுங்கிவிடுகிறார்கள். முப்பதை நெருங்கி இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் லீ இந்தத் தொழிலின் விதிவிலக்கு. விதிவிலக்கைக் காட்டி விதியைப் பிரசாரம் செய்வது விளம்பரக்காரர்களின் வழக்கம். அந்தத் தவற்றை நாம் செய்ய வேண்டியதில்லை.

கொரியாவில் இது சாத்தியமானதற்குக் காரணங்களும் உண்டு. 1997 பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு தெருவுக்குத் தெரு முளைத்த கணினி ஆட்டக் கடைகள், 1998இல் வந்த ஸ்டார்க்ராஃப்ட் என்ற ஆட்டம், அதை ஒளிபரப்பவே தனித் தொலைக்காட்சி, 2000இல் ஆட்டக்காரர்களுக்கு ஒரு சங்கம். 2007இல் கொரிய விமானப்படை, சேவைக்கு வரும் ஆட்டக்காரர்களின் கை மரத்துப்போகாமலிருக்கத் தானே ஓர் அணி நடத்தியது. ஒரு சமூகம் ஒன்றைத் தொழில் என்று ஒப்புக்கொள்வது இப்படித்தான் நடக்கிறது. நம்மிடம் ஒப்புதல் இருக்கிறது, கெஸட்டில்.

3

இனி விஷயத்தின் மையத்துக்கு வரலாம். லீ தன் முதல் ஆட்டத்தில் ஆம்பிஷனை வீழ்த்தியது நிடலீ என்ற பாத்திரத்தைக் கொண்டு. ஈட்டி எறிந்து, பிறகு சிறுத்தை போன்ற மிருகமாக உருமாறும் ஒரு காட்டுப் பெண். 2014இல் ரயட் கம்பெனி அந்தப் பாத்திரத்தை மாற்றி அமைத்துவிட்டது. பொதுவாகவே இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஆட்டத்தைத் திருத்துகிறார்கள். ஒரு பாத்திரத்தின் பலம் குறைகிறது, இன்னொன்றின் வேகம் கூடுகிறது, வரைபடமே மாறுகிறது. ஆகவே 2013 ஏப்ரலில் நடந்ததை இன்று படக்காட்சியாகப் பார்க்கலாமே தவிர, அதே விதிகளில் உட்கார்ந்து ஆடிப் பார்க்க வழியில்லை. அந்த ஆட்டம் உலகத்தில் இல்லை. அதில் கரை கண்டவனுடைய தேர்ச்சியின் ஒரு பகுதி அதோடு போய்விட்டது.

காரணம் எளியது. இந்த மைதானத்துக்குச் சொந்தக்காரன் இருக்கிறான். கபடிக்கு இல்லை, கால்பந்துக்கு இல்லை. அமைப்புகள் இருக்கலாம், அவை விதிகளைத் திருத்தலாம், சண்டை போடலாம். ஆனால் புத்தேரியில் நாலு பையன்கள் கோடு கிழித்துக் கபடி ஆடுவதை எந்தக் கம்பெனியும் நிறுத்திவிட முடியாது. இங்கே முடியும். ஸ்டார்க்ராஃப்டைக் கொரியர்கள் பத்து வருஷம் தங்கள் தேசிய விளையாட்டுபோல் வளர்த்தார்கள். 2010இல் அதன் உரிமையாளரான பிளிஸார்ட் கம்பெனி, ஒளிபரப்பு உரிமை எங்களுடையது என்று வந்து நின்றது. கொரியச் சங்கத்தைத் தள்ளிவிட்டு வேறொரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. வழக்கு, பேச்சு, கடைசியில் 2011இல் சமாதானம். மைதானத்தை வெட்டிச் சீர் செய்தவர்கள் ஒரு பக்கம்; பட்டா வைத்திருப்பவன் மறுபக்கம்.

நமக்குப் பக்கத்தில் இன்னொரு உதாரணம். குஜராத்தின் பூஜ் நகரத்துக்காரரான தீர்த் மேத்தா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டாட்ட வகையில் வெண்கலம் வாங்கினார். காட்சிப் போட்டியாக நடந்ததால் பதக்கப் பட்டியலில் கணக்கில்லை. 2023இல் நடந்த ஹாங்சோ போட்டியில் அது முறையான பதக்க ஆட்டமாக இருக்கும் என்று அறிவித்தார்கள். அதற்குள் பிளிஸார்டுக்கும் அதன் சீனக் கூட்டாளிக்கும் இடையிலிருந்த ஒப்பந்தம் முறிந்தது. 2023 ஜனவரி 23 அன்று சீனாவில் அந்த ஆட்டத்தின் கதவு சாத்தப்பட்டது. ஆசிய விளையாட்டுப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். இந்தியாவிலிருந்து தேர்வாகியிருந்தவர்கள் வீட்டிலேயே இருந்துகொண்டார்கள். அவர்கள் தோற்கவில்லை, காயம்படவில்லை, ஊக்கமருந்து சாப்பிடவில்லை. இரண்டு கம்பெனிகள் கணக்கில் ஒத்துவராமல் பிரிந்தன, அவ்வளவுதான்.

4

மருமகன் ஆடுவது பிஜிஎம்ஐ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் செல்போன் ஆட்டம். போட்டிகளில் பதினாறு அணிகள், அணிக்கு நாலு பேர். ஆகாயத்திலிருந்து குதித்து, ஆளில்லாத வீடுகளில் துப்பாக்கியும் மருந்தும் தேடி எடுத்து, சுருங்கிக்கொண்டே வரும் ஒரு வட்டத்துக்குள் கடைசி வரை உயிரோடு இருக்க வேண்டும். முதலிடத்துக்குப் பத்துப் புள்ளி, வீழ்த்தும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு புள்ளி. வெறும் சுடுகிறவனால் இதில் ஜெயிக்க முடியாது என்பது கொஞ்ச நேரம் பார்த்தாலே விளங்கிவிடும்.

அவன் தன் அணியின் தலைவன். ஒருவன் மார்த்தாண்டம், ஒருவன் தோவாளை, இன்னொருவன் பொள்ளாச்சி. பொள்ளாச்சிக்காரனை நேரில் பார்த்ததே இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்குப் பயிற்சி ஆட்டங்கள் தொடங்கும். செல்போனை இரண்டு கட்டைவிரலாலும் இரண்டு ஆள்காட்டி விரலாலும் பிடிக்கிறான். நாலும் தனித்தனி வேலை பார்க்கின்றன. சூடு தாங்காமல் பின்னால் ஒரு சின்ன விசிறி ஒட்டியிருக்கிறான். காதில் மாட்டிய கருவியில் கேட்கும் காலடிச் சத்தத்தை வைத்து, மரத்தளத்தில் நடக்கிறானா புல்லில் நடக்கிறானா, மேல்மாடியா கீழ்வீடா என்று சொல்கிறான். கூட உட்கார்ந்திருக்கும் எனக்கு வெறும் சரசரப்புத்தான். ஐந்து நிமிஷத்துக்கு முன் மேற்கே கேட்ட இரண்டு வெடிகளை நினைவில் வைத்து, அந்த அணி இப்போது எந்த மேட்டுக்குப் பின்னால் வந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறான். பதினைந்து அணிகளை ஒரே நேரத்தில் மனத்தில் நகர்த்திக்கொண்டிருக்கிறான். "இப்பம் போகாண்டாம், அவனுவ அடிச்சு முடிக்கட்டு" என்று மெதுவாகச் சொல்கிறான். மூன்று பேர் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு மூன்று ஊர்களில் அசையாமல் இருக்கிறார்கள்.

அந்த ஆட்டத்தின் எட்டுக்கு எட்டு கிலோமீட்டர் தீவை அவன் அறிந்திருப்பதை நான் பார்த்த வேறொன்றோடு மட்டுமே ஒப்பிட முடியும். என் தாத்தா தாழக்குடிப் பக்கம் பாட்டத்துக்கு வயல் எடுத்துப் பயிர் வைத்தவர். பாட்டம் என்றால் குத்தகைதான். இங்கே அப்படிச் சொல்வோம். எந்த வரப்பில் நண்டு துளை போடும், மடையைத் திறந்தால் எந்த மூலைக்குத் தண்ணீர் கடைசியாகப் போகும், கன்னிப்பூவில் எந்தத் தடியில் நெல் சாயும், கும்பப்பூவில் எங்கே நீர் முதலில் வற்றும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மண் அவருடையதல்ல. ஆனால் மண்ணைப் பற்றிய அறிவு அவருடையது. நிலக்காரன் பாட்டத்தை மாற்றியபோது அவர் அடுத்த ஏலாவுக்குப் போய் அதே அறிவைக் கொண்டு பிழைத்தார். மருமகன் எடுத்திருப்பதும் பாட்ட நிலம்தான். வித்தியாசம், இவனுடைய நிலக்காரன் விரும்பினால் வரப்பை மாற்றுவான், வாய்க்காலை மாற்றுவான், ஒரு நாள் காலையில் வயலையே எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

அதுவும் இங்கே நடந்திருக்கிறது. 2020 ஜூனில் கல்வான் எல்லை மோதல். செப்டம்பர் 2 அன்று 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தபோது சீனத் தொடர்புள்ள பப்ஜி மொபைலும் போயிற்று. கொரியாவின் கிராஃப்டன் கம்பெனி அதைப் புதுப் பெயரில் 2021 ஜூலை 2 அன்று கொண்டுவந்தது. 2022 ஜூலை 28 அன்று அதுவும் காணாமல் போயிற்று. 2023 மே மாதக் கடைசியில் திரும்ப வந்தது, வயது வந்தவர்களுக்கு நாளைக்கு ஆறு மணிநேரம், சிறுவர்களுக்கு மூன்று மணிநேரம் என்ற கட்டுப்பாட்டோடு. இரண்டு தடவையும் ஏறத்தாழப் பத்துப் பத்து மாதங்கள். தடைக்கு அரசு சொன்ன காரணங்களை நான் இங்கே விசாரிக்கவில்லை. மொத்தமே ஐந்தாறு வருஷம் நீளும் ஒரு தொழிலில் இருபது மாதம் என்ன என்பதை மட்டும் பார்க்கிறேன். வங்கியில் முப்பத்தைந்து வருஷ சேவையில் பத்துப் பன்னிரண்டு வருஷத்தைக் கிழித்துப் போடுவதற்குச் சமம். ஆட்டக்காரனுக்கு மேல் இரண்டு எஜமானர்கள்: கம்பெனி ஒன்று, அதற்கு மேல் சர்க்கார்.

இந்த நிச்சயமின்மைக்கு ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த மாற்று என்ன என்பதும் கவனிக்கத் தக்கது. 'மார்ட்டல்' என்று அறியப்பட்ட மும்பை நமன் மாத்தூரின் அணி 2019இல் இந்தியப் போட்டியில் ஜெயித்து பெர்லின் வரை போயிற்று. இன்று அவரை லட்சக்கணக்கானோர் அறிந்திருப்பது யூடியூப் நேரலையால். நண்பர்களோடு ஓர் அணி நிறுவனமும் வைத்திருக்கிறார். தேர்ச்சி நிலையற்றதாக இருக்கும் இடத்தில் முகம் ஒன்றுதான் கைமுதல். ஆட்டத்தை நம்பி வாழ முடியாதபோது ஆடுகிறவனாகத் தோற்றம் தருவதை நம்பி வாழ்கிறான். தினமும் நேரலையில் வர வேண்டும், சிரிக்க வேண்டும், ரசிகனின் பெயரைச் சொல்லி நன்றி கூற வேண்டும், குளிர்பானத்தைக் கையில் பிடிக்க வேண்டும். நமக்கு இது தெரியாத கதை இல்லை. நல்ல சிறுகதை எழுதத் தெரிந்தவன் வாரப் பத்திரிகையில் தொடர்கதைக்காரனாகி, பிறகு தொடர்கதையும் தேவைப்படாமல் தன் புகைப்படத்தைக் கொண்டே காலம் தள்ளுவதைப் பார்த்தவர்கள்தாம் நாம். அவனைத் திட்டினோம். அவன் ஏன் அப்படியானான் என்ற பொருளாதாரத்தைக் கேட்டுக்கொண்டது குறைவு.

5

இந்த இடத்தில் சதுரங்கத்தைக் கொண்டுவர வேண்டும். தமிழ்நாட்டில் பையன் ஒருவன் பள்ளிக்கூடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஆடுகிறான் என்றால் நாம் ஒப்புக்கொள்ளும் ஒரே ஆட்டம் இன்று அதுதான். 1961இல் மானுவல் ஆரன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர். 1988இல் ஆனந்த் முதல் கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்றபோது குகேஷுக்குப் பதினெட்டு வயது. இந்த மூன்று பெயர்களுக்கு நடுவே ஒரு கோடு இழுக்க முடிகிறது. ஆரன் ஆடிய அதே பலகையில்தான் குகேஷ் ஆடுகிறார். 1858இல் பாரிஸ் நகரத்து இசைநாடக அரங்கில் மார்ஃபி ஆடிய ஆட்டத்தை நாகர்கோவிலில் ஒரு சிறுவன் இன்று காய்களை எடுத்து வைத்து நகர்த்திப் பார்க்கலாம். எங்கே எதிரி தவறினான் என்று கண்டுபிடிக்கலாம். குறியீடு இருக்கிறது, பலகை மாறவில்லை, பலகைக்கு உரிமையாளர் இல்லை. ஆகவே அங்கே மரபு இருக்கிறது. மரபு இருப்பதால் விமர்சனமும் இருக்கிறது.

நம் மாவட்டத்து அடிமுறை ஆசான்களும் இதே வகைதான். வர்மம் நூற்றெட்டு என்பது ஆசானிடமிருந்து மாணவனுக்குப் போவது உடம்பு மாறாமல் இருப்பதால். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மனித உடம்பின் நரம்புகளை யாரேனும் இடம் மாற்றி வைத்தால் ஆசான் என்ற ஒருவர் இருக்க முடியுமா?

இப்போது சதுரங்கமே அந்தப் பக்கம் போய் நிற்கிறது என்பது வேறு விஷயம். 2025இல் ரியாத்தில் நடந்த ஈஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் முதல் தடவையாகச் சதுரங்கத்தைச் சேர்த்தார்கள். மொத்தப் பரிசு 15 லட்சம் டாலர். கார்ல்சன் ஜெயித்தார். வாரங்கல்காரரான அர்ஜுன் எரிகைசி நாலாவதாக வந்தார். அவர் ஆடியது ஜென்.ஜி. என்ற கொரிய நிறுவனத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு. 2017இல் லீயை அழவைத்த சாம்சங் அணியை வாங்கிப் பெயர் மாற்றிய நிறுவனம்தான் அது. உலகம் அவ்வளவு சுருங்கிவிட்டது. ஆனாலும் ரியாத் அரங்கை நாளை மூடிவிட்டால் அர்ஜுனின் சதுரங்கம் அர்ஜுனிடம் இருக்கும். தீர்த் மேத்தாவின் ஆட்டம் அவரிடம் இருக்காது. இரண்டு பேரும் செய்த பிரயாசை ஒன்றேதான் என்று வைத்துக்கொண்டாலும் இந்த வேறுபாடு வேறுபாடுதான்.

அப்படியானால் லீ எப்படிப் பதிமூன்று வருஷம் நின்றார்? அவர் காப்பாற்றி வைத்துக்கொண்டது எந்தப் பாத்திரத்தின் தேர்ச்சியையும் அல்ல என்று நினைக்கிறேன். மைதானம் மாறும்போதெல்லாம் தெரிந்ததைக் கைவிட்டு முதல் வகுப்பிலிருந்து மறுபடியும் ஆரம்பிக்கும் மனத்தை. காங் சான்-யோங்கும் தோற்ற இடத்திலிருந்து அதைத்தான் செய்தார். இது அபூர்வமான குணம். எழுத்திலேயே தன் முந்தைய வெற்றியைக் கைவிடத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதைச் செய்ய முடிந்தவனுக்கு மட்டுமே இந்தத் தொழிலில் முதிர்ச்சி என்பது சாத்தியம். மற்றவர்களுக்கு இது இளமையின் கூலி வேலை. கூலி சில சமயம் மிக அதிகம், அவ்வளவுதான்.

இதையெல்லாம் மருமகனிடம் என்னால் முடிந்த வரை சொன்னேன். மறுப்பில்லாமல் கேட்டான். பிறகு ஒன்று கேட்டான்: "மாமாவுக்கு எழுதுனா என்ன கிட்டும்? ஒண்ணுமே கிட்டாதுல்லா? அப்பறம் எதுக்கு மாமா எழுதணும்?" குத்திக்காட்டும் நோக்கம் அவனுக்கு இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டான். முந்நூறு பேர் படிக்கும் பத்திரிகையில், பகலில் ரூபாய் எண்ணும் கையால் ராத்திரி கட்டுரை எழுதுகிறவனிடம் கேட்கத் தகுதியுள்ள கேள்விதான் அது. நான் சொன்ன பதில், எனக்கு எதுவும் கிட்டாவிட்டாலும் நான் எழுதும் பாஷையை யாரும் மூடிவிட முடியாது என்பது. அவன் யோசித்துவிட்டு, "அது சரிதான், ஆனா படிக்கவும் ஆளில்லேல்லா" என்றான். அவனுடைய பயிற்சி ஆட்டத்தை மட்டும் நாற்பது பேர் கூட இருந்து பார்க்கிறார்கள்.

6

ஒரு வருஷம் ஆடட்டும் என்று அக்காளிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு நான் கொடுத்த காரணங்கள் குடும்பத்து விஷயம். இங்கே சொல்ல வேண்டியது வேறு.

இந்த ஆட்டக்காரனின் தேர்ச்சி அசல் தேர்ச்சி. காது, கை, நினைவு, மற்றவர்களின் உத்தேசத்தை ஊகிக்கும் புத்தி, பொறுத்திருக்கும் நிதானம் எல்லாம் சேர்ந்த ஒன்று. அதை லாகிரி என்று ஒதுக்குகிறவன் பார்க்காமல் பேசுகிறான். ஆனால் தேர்ச்சி அசலாக இருப்பது மட்டும் ஒரு தொழிலைத் தொழிலாக்காது. அது நிற்கும் தளம் யாருடையது என்ற கேள்வி உண்டு. அந்தக் கேள்வியை ஆட்டக்காரர்கள் கேட்பதில்லை. கேட்டால் ஒப்பந்தம் கிடைக்காது. கம்பெனிகள் கேட்கா. சர்க்கார் விளையாட்டு என்று பெயர் சூட்டிவிட்டு, மைதானம் தனியார் சொத்தாக இருப்பதைக் கவனிக்காதது போல் இருக்கிறது. ஆட்டம் மூடப்பட்டால் ஆட்டக்காரனுக்கு என்ன என்பதைப் பற்றி எங்கும் பேச்சில்லை. பாட்டக்காரனுக்குக்கூட ஒரு காலத்தில் சட்டம் வந்தது. இவனுக்கு வர வேண்டும் என்று கேட்கும் குரலாவது முதலில் எழ வேண்டும்.

இன்னொன்று நம் தரப்பில் செய்யக்கூடியது. சதுரங்கக்காரனுக்குக் குறியீடு இருக்கிறது. இவனுக்கு இல்லை. படக்காட்சி திரையில் நடந்ததைக் காட்டும்; மேற்கே கேட்ட இரண்டு வெடிகளை அவன் எப்படிப் படித்தான், ஏன் பொறுத்தான், பார்த்தறியாத பொள்ளாச்சிக்காரனை எதனால் நம்பினான் என்பதைக் காட்டாது. மைதானம் போன பிறகு மிஞ்சக்கூடியது அந்த அனுபவம்தான். அதைப் பற்றித் தமிழில் உருப்படியாக ஒரு பக்கம்கூட நான் பார்த்ததில்லை. வெளியே இருந்து என்னைப் போன்றவன் எழுதுவது போதாது. நான் கேட்டது வெறும் சரசரப்பு. ஆடுகிறவர்களில் யாராவது ஒருவன் எழுத வேண்டும். கோடிகளைப் பற்றியும் வேண்டாம், கஷ்டங்களைப் பற்றியும் வேண்டாம். ஒரு ஆட்டத்தை, முதலிலிருந்து கடைசி வரை, அவன் கேட்டபடி எழுதினால் போதும். இந்தப் பத்திரிகை அதை வெளியிடும் என்று ஆசிரியரைக் கேட்காமலே சொல்லிவைக்கிறேன்.